விவரம்: தொலைபேசியில் சொன்னபடி

தம்பெரே நகரில் ஜனவரி.
காலை ஒன்பதுக்கும் ஜன்னலில் இருட்டுதான்.
வழக்கறிஞர்கள் எனக்கு ஓர் அறை தந்திருக்கிறார்கள்.
இரண்டு திரை, ஒரு ஹீட்டர்,
துறைமுகக் கிரேன் செய்யும் கம்பெனி ஒன்றின்
ஆறு வருடப் பேரேடு.

யாரையும் நான் விசாரிப்பதில்லை.
அது அவர்கள் வேலை.
நான் எண்களிடம் கேட்கிறேன்.
பொய் சொல்லும்போதும் அவை
பைசா சுத்தமாகச் சொல்கின்றன.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதாம்.
பதினெட்டு வருடமாக அதைத்தான்
நறுக்கிச் சாப்பிடுகிறேன்.

முதல் வாரம் ஒன்றுமில்லை.
போல்ட், பெயின்ட், கப்பல் கட்டணம்,
யாரோ ஓட்டலில் உடைத்த கண்ணாடி.
உண்மையான செலவு
தலைகலைந்துதான் வரும்:
4,117.36
2,908.05
பிறகு வந்தது, குளித்துத் தலைவாரி,
சட்டை மடிப்புக் கலையாமல் ஒரு தொகை.
அறுபதாயிரம் யூரோ.
மபூட்டோ துறைமுகச் சந்தை ஆய்வு.
ஆலோசகர் ஸெஃபெரீனோ மக்வாக்வா.
ரசீது எண் 41.

அடுத்த மாதம் 42.
அதற்கடுத்து 43.
இந்த உலகத்தில் அந்த மனிதருக்கு
வேறு வாடிக்கையாளரே இல்லை.

ஆய்வறிக்கை எங்கே என்றேன்.
பதினோரு பக்கம் வந்தது.
நான்கு பக்கம் மழையளவு.

போர்த்துகீசிய மொழியில் ரசீது.
துறைமுகம் என்ற சொல்லில் மட்டும்
ஓர் எழுத்து இரட்டித்திருக்கிறது.
எழுத்தை இரட்டிக்காமல்
எங்கள் ஊரில் யாருக்கும் தூக்கம் வராது.
மபூட்டோவிலிருந்து வரவில்லை இந்தக் காகிதம்.
இரண்டு மாடி மேலேயிருந்து வந்திருக்கிறது.

43இன் தேதி ஜூன் இருபத்து மூன்று.
அன்று இந்த நாடே ஏரிக்கரையில்
தீ மூட்டிக் குடித்துக்கொண்டிருந்தது.
பயனர் எண் 0219 மட்டும்
ஆளில்லாத அலுவலகத்தில் உட்கார்ந்து
பற்று எழுதி, வரவு எழுதி,
விவரம் என்ற கட்டத்தில்,
யாரும் படிக்காத அந்தக் கட்டத்தில்,
எழுதியிருக்கிறது:
‘தொலைபேசியில் சொன்னபடி’.

மூன்று ரசீதுக்கும் அதே மூன்று சொல்... இல்லை,
இரண்டே சொல்.
சொன்னது யார் என்று இல்லை.

அழைப்புப் பட்டியலை வாங்கிப் பார்த்தேன்.
இரண்டு மணி பத்து நிமிடம்,
விற்பனை இயக்குநரின் ஏரி வீட்டிலிருந்து ஓர் அழைப்பு.
இரண்டு இருபத்திரண்டுக்குப் பதிவு.
மற்ற இரண்டு நாளும் அப்படியே,
பன்னிரண்டு நிமிடம், பதினான்கு நிமிடம்.
அந்த இடைவெளியில் ஒரு மனிதர்
என்ன செய்திருப்பார் என்பதற்கு
என்னிடம் ஆவணம் இல்லை.

மபூட்டோ வங்கியிலிருந்து பதில் வர
ஏழு வாரம் ஆனது.
தேன் எடுத்தவர் புறங்கை நக்கியது
இருபத்தேழாயிரம்.
மீதி, துறைமுக அதிகாரி ஒருவரின்
மைத்துனர் நடத்தும் டைல்ஸ் கடைக்கு.
அந்தக் கடை அவ்வருடம்
ஒரு சதுர அடி டைல்ஸும் விற்கவில்லை.

அறிக்கையில் லஞ்சம் என்று எழுத
எனக்கு அனுமதி இல்லை.
‘வணிகக் காரணம் நிறுவப்படாத கொடுப்பனவு’
என்று எழுதினேன்.
பல்லில்லாத வாயால் கடித்ததுபோல் இருந்தது.

தினமும் எனக்குக் காபி கொண்டுவருபவர் ஔலிஸ்.
கணக்குப் பிரிவில் இருபத்தாறு வருடம்.
அன்று கோப்பையை வைத்துவிட்டு நின்றார்.
“என் பெயர் வருமா?”
“எண் வரும்” என்றேன்.
தலையாட்டினார்.
அடையாள அட்டையைச் சட்டைப்பைக்குள் தள்ளினார்,
நான் அதை எப்போதோ பார்த்துவிட்டேன் என்று
தெரியாதவர்போல.

கதவருகே திரும்பி,
“நல்ல கிரேன் அது” என்றார்.
“கொடுக்காமலே வாங்கியிருப்பார்கள்.”

மூன்று மணிக்கே இருட்டத் தொடங்கியிருந்தது.
காபி ஆறிக்கொண்டிருந்தது.
ஒரு லட்சத்து எண்பதாயிரத்தில்
முந்நூற்று அறுபது யூரோ இன்னும் இடிக்கிறது.
மறுபடி
முதல் வரியிலிருந்து.